ஏழாம் முனையும் என் வலது காலும்

பாய்ந்த கார்

பந்தயத் தடத்தில் கொடி பிடிக்கிறவன் நாள் முழுக்கக் கார்களைப் பார்ப்பான், ஒன்றில்கூட உட்கார மாட்டான், வேலையே அதுதான். எனக்கு ஒரு நாள் உட்காரக் கிடைத்தது. கிடைத்த மூன்றாவது நிமிஷத்தில், பிரேக் போட வேண்டிய இடத்தில் கார் முன்னால் பாய்ந்தது.

பக்கத்து இருக்கையில் மானேஜர் லியோங். ஒரு கை மேலே கைப்பிடியில், இன்னொரு கை அவர் மூக்குக் கண்ணாடியில். நான் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வளைவுக்கு முன்னால் வலது காலின் முன்பாதியால் பிரேக்கை அழுத்தணும். இடது காலால் கிளாட்ச். நாலாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கும்போது, பிரேக்கை விடாமலேயே அதே வலது காலின் ஓரத்தைச் சாய்த்து எண்ணெயை, அதாவது ஆக்சிலரேட்டரை, லேசாக ஒரு தட்டு தட்டணும். தட்டினால் என்ஜின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துப்போகும், கார் உதறாமல் வளைவுக்குள் போகும். இதைத்தான் ஹீல் அண்ட் டோ என்பார்கள். நான் தட்டவில்லை, மிதித்துவிட்டேன். என்ஜின் அலறியது. கிளாட்சை விட்டதும் கார் பாய்ந்தது, இரண்டு தடவை உதறியது, நடு வளைவில் செத்து நின்றது.

விளையாட்டுக்காக ஏறி உட்காரவில்லை நான். புதிதாக வருகிறவர்களுக்கு முன்னால் போய் வழிகாட்டும் கார் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடம் கிடைத்தால் நான் கொடியோடு நிற்கிற ஏழாம் முனையை விட்டு, கார்கள் வந்து நிற்கிற பிட் பக்கம் வந்துவிடலாம், மனுஷங்க நடமாடுகிற பக்கம். அதுக்குத்தான் இந்தச் சோதனை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று மானேஜர் மலாயில் கேட்டார். ஏழாம் முனையில் என்றேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"அங்க உனக்குக் கார் கிடையாதே," என்றார்.

ஏழாம் முனையின் வசதிகள்

தடத்தைச் சுற்றி ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஒரு மார்ஷல் நிற்பார். வளைவை நாங்கள் முனை என்போம். காலை எட்டு மணிக்கு தேவா அண்ணன் இழுவை லாரியில் எங்களை ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொருத்தராக இறக்கிவிடுவார். தடத்தில் கெட்டுப்போன கார்களை இழுத்து வருவதுதான் அவருடைய முழு வேலை, எங்களை இறக்குவது கூடுதல் வேலை. கடைசியாக இறங்குகிறவன் நான். சாயங்காலம் கடைசியாக ஏறுகிறவனும் நான். ஏழாம் முனை பிட்டிலிருந்து ரொம்பத் தூரம். முன்னால் தார், பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். வசதிகள்: ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தீயணைக்கிற சிலிண்டர், நாலு கொடி, கண்ட்ரோலோடு பேச ஒரு வாக்கி. பன்னிரண்டு மணிக்கு தேவா அண்ணன் லாரியை நிறுத்தாமலேயே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டுவார். ஓடிப்போய் வாங்கணும்.

உங்களில் யாராவது தனியாக நின்று பார்க்கிற வேலை செய்திருந்தால், கார்டு வேலையோ டோல் வேலையோ, நான் சொல்வது தெரியும். முதல் வாரம் பாட்டு வரும். இரண்டாவது வாரம் பழைய சண்டையெல்லாம் ஞாபகம் வரும். மூன்றாவது வாரம் ஒண்ணுமே வராது. ஐந்தாம் படிவத்தில் என்னோடு படித்த பசங்க எல்லாரும் விடியுமுன்னே பாலம் தாண்டி சிங்கப்பூர் போகிறார்கள். திரும்பி வந்தால் தூங்குகிறார்கள். நான் அனுப்பும் செய்திக்கு மூன்று நாள் கழித்து ஒரு கட்டைவிரல் வரும். ஒரு நாள் வேலையில் நான் எத்தனை வார்த்தை பேசினேன் என்று எண்ணினேன். பதினொன்று. அதில் நாலு வார்த்தை குரங்கிடம்.

அதனால் நான் வாக்கியை அடிக்கடி எடுக்க ஆரம்பித்தேன். கண்ட்ரோல் அறையில் இருப்பவர் கக் நோர், மலாய்க்காரர், கெட்டிக்காரி. ஏழாம் முனை, ஒன்றும் இல்லை என்று சொல்வேன். பத்து நிமிஷம் கழித்து, ஏழாம் முனை, இன்னும் ஒன்றும் இல்லை என்பேன். ஐந்தாவது தடவை அவர் எல்லா முனைக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"ஏழு, உனக்குப் பேச்சுத்துணை வேணும்னா ஒரு பூனை வளர்த்துக்கோ."

எறும்பு

பேச முடியாதவனுக்குக் காது வளரும் என்று நான் கண்டுபிடித்தேன். ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட் போட்டிருப்பார்கள், முகம் தெரியாது. ஆனால் ஏழாம் முனை ஒரு நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் இருக்கிறது. எல்லாரும் அங்கேதான் பிரேக் போட்டு, கியர் இறக்கி, தட்டணும். அந்தத் தட்டில் எல்லாம் தெரிந்துவிடும். மஞ்சள் கார் ஒன்று ஞாயிறுதோறும் சிங்கப்பூரிலிருந்து வரும், அதன் விலைக்கு எங்கள் தாமான் குடியிருப்பில் இரண்டு வீடு வாங்கலாம். அதை ஓட்டுகிறவர் ஒரு தடவைகூடச் சரியாகத் தட்டியதில்லை. ஒவ்வொரு ரவுண்டும் கார் விக்கல் எடுத்தது போல் உதறும். அதே ஞாயிறுகளில் ஒரு பழைய வெள்ளைக் கார் வரும். நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. இரண்டு தட்டு. தெரிந்தவர்கள் கதவைத் தட்டுவது போல் இருக்கும், அளவாக, அவசரமில்லாமல். இருபது ரவுண்டிலும் ஒரே அளவு.

அந்த வெள்ளைக் காரை வைத்துத்தான் நான் படித்தேன். தரையில் ஒரு செங்கல், அதற்கு வலது பக்கம் கொஞ்சம் தாழ்வாக ஓர் உடைந்த ஓடு. செங்கல் பிரேக், ஓடு எண்ணெய். வெள்ளைக் கார் நேர்ப்பாதையில் வரும் சத்தம் கேட்டதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கால் வைப்பேன். அது பிரேக் போட்டால் நானும், அது தட்டினால் நானும். ஒரு மாதத்தில் இரண்டும் ஒன்றாக விழ ஆரம்பித்தன. சந்தோஷத்தில் நாற்காலி இல்லாமலே நின்றபடி செய்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்து தேவா அண்ணன் பொட்டலத்தோடு வந்தார். முதல் தடவையாக லாரியை நிறுத்தினார். என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னடா, எறும்பு கடிச்சிருச்சா?"

ஆறு வாரப் பயணம்

செங்கல் போதவில்லை. வீட்டில் கார் இருந்தது. அப்பா எங்களை விட்டுப் போனபோது காரையும் விட்டுப் போயிருந்தார், மேனுவல் கியர், ரோடு டேக்ஸ் எப்போதோ முடிந்தது, பேட்டரி செத்தது. ஜோகூர் உலு திராமில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. அம்மா விடிகாலை நாலரைக்குப் பேக்டரி வேனில் சிங்கப்பூர் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். அதனால் வேலை முடிந்து வந்ததும் ஆறரைக்கு நான் காரில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். சிலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைக் காரின் சத்தத்தை வாயால் போட்டபடி மிதிப்பேன். பிரேக், கிளாட்ச், கியர், தட்டு. ஒரு நாளைக்கு இருநூறு தடவை. ஆறு வாரம்.

பக்கத்து வீடு மேரி ஆண்டி. மாலையில் பூச்செடிக்குத் தண்ணீர் விடுவார். முதல் வாரம் என்னைப் பார்த்து சிரித்தார். இரண்டாவது வாரம் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர் மகள்கள் இரண்டு பேரும் மெல்பர்னில், அவருக்கும் பேச ஆள் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ஏழாம் முனைக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன். ரப்பர் குழாயோடு சுவரோரம் வந்து நின்று, காருக்குள் குனிந்து பார்த்துக் கேட்டார். கிண்டலே இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"தினமும் இதே நேரத்துக்குக் கிளம்புறியே, எங்கய்யா போற?"

கல்

இந்த ஆறு வாரத்துக்கு அப்புறம்தான் மானேஜரோடு அந்தச் சோதனை, அந்தப் பாய்ச்சல். மறுநாள் முழுக்க ஏழாம் முனையில் உட்கார்ந்து யோசித்தேன். செங்கல்லில் சரியாக வருகிறது, அப்பா காரில் சரியாக வருகிறது, ஓடுகிற காரில் மட்டும் ஏன் வரவில்லை? மானேஜர் நல்ல மனுஷர், இன்னொரு தடவை பார்க்கலாம், மூன்று வாரம் கழித்து ஞாயிறு சாயங்காலம் என்று சொல்லியிருந்தார். ஆனால் அதே தப்பை இன்னொரு தடவை செய்ய எனக்கு மூன்று வாரம் தேவையில்லை.

சாயங்காலம் தேவா அண்ணனை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இழுவை லாரியிலிருந்து வயர் போட்டு அப்பா காரின் பேட்டரிக்கு உயிர் கொடுத்தார். நான் பழக்கத்தில் பிரேக்கில் காலை வைத்தபடி சாவியைத் திருப்பினேன். என்ஜின் உயிர் பெற்ற அதே நொடி, என் காலுக்கு அடியில் பிரேக் பெடல் கீழே இறங்கியது. நானாக அழுத்தவில்லை, அதுவே இறங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ஜின் ஓடும்போது பிரேக்குக்கு அது கை கொடுக்கும், பெடல் மெத்தென்று ஆழமாகப் போகும். என்ஜின் ஓடாவிட்டால் இரண்டு மிதியில் பெடல் கல்லாகிவிடும், மேலேயே நிற்கும். ஆறு வாரம் நான் மேலே நிற்கிற கல்லுக்குக் கால் பழக்கியிருக்கிறேன். ஓடுகிற காரில் பெடல் ஓர் அங்குலம் கூடுதலாக இறங்குகிறது, காலும் கூடவே இறங்குகிறது, தட்ட வேண்டிய ஓரம் எண்ணெயை நசுக்குகிறது. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரே ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். தேவா அண்ணனிடம் விளக்கினேன். வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். எண்ணூறு தடவை மிதித்தேன் என்று சொன்னேன், எட்டாயிரத்துக்கு மேல் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"செத்த காரையாடா இத்தனை நாளா ஓட்டிக்கிட்டு இருந்த?" என்றார்.

ஐஸ் கலையவில்லை

பழகிய காலைப் பழக்கம் விடவைப்பது புதிதாகப் பழக்குவதைவிடக் கொடுமை. என்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே, மேரி ஆண்டியிடம் புகைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மிதித்தேன். தேவா அண்ணனும் ஒரு உதவி செய்தார். சாயங்காலம் தடம் காலியானதும், ஏழாம் முனையிலிருந்து பிட் வரை இழுவை லாரியை ஓட்ட விட்டார். உதவி என்று அவர் சொல்லவில்லை, போன் பேசணும் நீ ஓட்டு என்றார்.

பத்துப் பன்னிரண்டு நாள் உதறிக்கொண்டே போனோம். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் போனில் மனைவியோடு மீன் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், மடியில் தே ஓ ஐஸ், பாலில்லாத ஐஸ் தேநீர், மூடி இல்லாத கிளாஸ். நான் பிரேக்கை அழுத்தினேன், காலை அது போகிற ஆழத்துக்கு விட்டேன், அப்புறம் சாய்த்தேன். தட்டு விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், வெள்ளைக் காரில் நூறு தடவை கேட்ட சத்தம். லாரி ஒரு பொட்டு உதறவில்லை. எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த இடத்தில் ஈ காக்கை இல்லை, அதில் ஒருத்தர் மீனைப் பற்றிப் பேசுகிறார். நான் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டினேன். பிட்டுக்குள் திரும்பும்போதுதான் அவர் போனை வைத்துவிட்டு கியரைப் பார்த்தார். கிளாஸில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

"ஆ? எப்படா கியரை மாத்துன?"

கொடி மட்டும்

அந்த வெள்ளைக் காரின் சொந்தக்காரரை நான் பார்க்க நேர்ந்தது ஒரு ஞாயிறு மதியம், மழை வந்து தடத்தை ஒரு மணி நேரம் மூடியபோது. எங்களை எல்லாம் பிட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். வெள்ளைக் காரின் பக்கத்தில் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டு நின்றவர் ஒரு பெண், நாற்பத்தைந்து வயசு இருக்கும், தமிழர். நான் இத்தனை மாசம் ஓர் ஆம்பிளையைக் கற்பனை செய்து வைத்திருந்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பெயர் வசந்தி, சிங்கப்பூரில் பல் டாக்டர் என்று யாரோ சொன்னார்கள்.

எனக்கு வாய் அடங்காது. நேராகப் போய், அக்கா, போன வாரம் பதினாலாவது ரவுண்டில் மட்டும் இரண்டாவது தட்டு கொஞ்சம் லேட், மற்றதெல்லாம் நல்லா இருந்துச்சு என்று சொன்னேன். அவர் பயந்துபோனார் என்று நினைக்கிறேன். நீ யாரு தம்பி என்று கேட்டார். ஏழாம் முனை மார்ஷல் என்றேன். எட்டு வருஷமாக இங்கே ஓட்டுகிறாராம். நேர்ப்பாதையின் முடிவில் இருக்கிற என் முனையை மனசுக்குள் கொண்டுவர முயற்சி செய்தது முகத்தில் தெரிந்தது. பிறகு ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார், அதனால்தான் இன்னும் வலித்தது.

"அங்க ஆள் நிக்கிறாங்களா தம்பி? நான் கொடியை மட்டும்தான் பார்த்திருக்கேன்."

சத்தம் மாறிய ஞாயிறு

மானேஜர் சொன்ன ஞாயிறு வந்தது. சாயங்காலம் ஐந்தரைக்குச் சோதனை. வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று மணிக்கு வெள்ளைக் கார் இறங்கியது. முதல் ஐந்து ரவுண்டு எப்போதும் போல. ஆறாவதில் தட்டு கொஞ்சம் சத்தமாக விழுந்தது. ஏழாவதில் இன்னும் கொஞ்சம். அவரிடம் மாறாத ஒன்று உண்டென்றால் அது அந்த அளவுதான். எட்டாவதில் அது தட்டே இல்லை, நசுக்கல். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஏனென்றால் அந்தச் சத்தத்தை நான் உள்ளே இருந்து கேட்டிருக்கிறேன், மானேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பெடல் ஆழமாகப் போனால்தான் கால் அப்படி எண்ணெயை நசுக்கும். எட்டு வருஷம் பழகிய கால் திடீரென்று தப்புச் செய்யாது. கால் அதே கால், பெடல்தான் ஒவ்வொரு ரவுண்டும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. அவருடைய பிரேக் போய்க்கொண்டிருக்கிறது.

வாக்கியில் கக் நோரிடம் சொன்னேன். புகை தெரிகிறதா என்று கேட்டார். இல்லை. எண்ணெய் ஒழுகுகிறதா? இல்லை. கார் தடுமாறுகிறதா? இல்லை, சத்தம் மாறியிருக்கிறது என்றேன். மார்ஷல் கண்ணால் பார்த்ததற்குத்தான் கொடி, காதுக்குக் கொடி கிடையாது, கொடியைத் தொடாதே என்று சொன்னார். அவர்மேல் தப்பில்லை, விதி அப்படித்தான் எழுதியிருக்கிறது. பூனை வளர்க்கச் சொன்ன அந்தப் பழைய கதையும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஒன்பதாவது ரவுண்டுக்கு வெள்ளைக் கார் நேர்ப்பாதையில் திரும்பியது. வேகத்தைக் குறை என்று சொல்கிற மஞ்சள் கொடியை எடுத்து ஆட்டினேன். நிறுத்தாமல் ஆட்டினேன். ஒரு முனையில் கொடி விடாமல் ஆடினால் கண்ட்ரோல் எல்லா முனையிலும் சிவப்புக் காட்டச் சொல்லி எல்லாரையும் பிட்டுக்கு அழைத்தே ஆகணும், அதுவும் விதிதான். வெள்ளைக் கார் ரொம்ப முன்னாலேயே வேகத்தைக் குறைத்தது. மஞ்சள் கார் அதற்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பிறகு தடம் காலி. சத்தமே இல்லை. வெறும் தாரைப் பார்த்துக்கொண்டு, கையில் கொடியோடு, தப்பாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நின்றேன். அவர் பிரேக் கெட்டுப்போயிருக்கணும் என்று வேண்டிக்கொள்வதா, நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து வாக்கி கரகரத்தது. கக் நோரின் குரல் சின்னதாக இருந்தது.

"ஏழு. பிட்ல மெதுவா வந்து மிதிச்சிருக்காங்க, பெடல் தரைக்குப் போயிருச்சாம். ஹேண்ட்பிரேக்ல நிறுத்தியிருக்காங்க."

ஒரே ஒரு வரி

ஐந்தரைக்கு மானேஜரின் அறைக்குப் போனேன். மேசைமேல் வழிகாட்டும் காரின் சாவி இருந்தது. அதன் பக்கத்தில் எழுதி நிரப்புகிற பாரம் ஒன்று. மஞ்சள் கார்க்காரர் புகார் எழுதிக் கொடுத்திருந்தார், தடத்தில் ஒன்றுமே இல்லாதபோது மார்ஷல் கொடி காட்டினான், என்னை மோத வைக்கப் பார்த்தான் என்று. அதற்குப் பதிலாக என் அறிக்கை வேணும். பாரத்தில் ஒரே ஒரு கட்டம்தான் முக்கியம்: மார்ஷல் கண்டது என்ன? வசந்தி அக்கா உயிரோடு வீட்டுக்குப் போகிறார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை என்று மானேஜர் சொன்னார். ஆனால் காதால் கேட்டுக் கொடி காட்டினான் என்று மேலிடத்துக்குப் போனால், கண்ட்ரோல் சொன்னதை மீறியவன் என்றுதான் ஆகும், அப்படிப்பட்டவனை வழிகாட்டும் காரில் உட்கார வைக்க அவரால் முடியாது. முன் சக்கரத்தில் புகை பார்த்தேன் என்று எழுதினால் எல்லாம் முடிந்தது. பிரேக் அவ்வளவு சூடேறியிருந்தால் புகை வந்திருக்கத்தான் செய்யும், பொய்கூட இல்லை என்றார். பேனாவை என் பக்கம் தள்ளினார்.

நான் பெரிய யோக்கியன் இல்லை. பாலிடெக்னிக்குக்கு மனு போட்டாச்சு என்று அம்மாவிடம் சொல்லி மூன்று மாசம் ஆகிறது, இன்னும் போடவில்லை. அந்தச் சாவி எனக்கு எவ்வளவு வேணும் என்று உங்களுக்குத் தெரியும். பிட் பக்கம் நிழல் இருக்கிறது, விசிறி இருக்கிறது, பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பதினோரு மாசம் அங்கே நின்று நான் செய்தது ஒன்றே ஒன்றுதான், காது கொடுத்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புகையை எழுதினால், அந்தப் பதினோரு மாசமும் ஏழாம் முனையில் கொடி மட்டும்தான் இருந்தது என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். பேனாவை எடுத்தேன். ஒன்றும் பார்க்கவில்லை, காதால் கேட்டேன் என்று எழுதினேன். மானேஜர் படித்தார். கோபப்படவில்லை. சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டார், மெதுவாக, எனக்கு மனசு மாற நேரம் கொடுக்கிற மாதிரி.

அடுத்த ஞாயிறு தேவா அண்ணன் எப்போதும் போல என்னைக் கடைசியாக இறக்கிவிட்டுப் போனார். வெள்ளைக் கார் புது பிரேக் எண்ணெயோடு வந்தது. நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு, பழைய அளவு. என் முனையைத் தாண்டும்போது வசந்தி அக்கா கை தூக்கினாரா இல்லை ஸ்டியரிங்கைத் திருப்பினாரா என்று தெரியவில்லை, கண்ணாடியில் வெயில். அன்று காலை வாக்கி சோதனையில் கக் நோர் ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாகச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார்.

"ஏழு, சத்தம் வருதா? உன்கிட்ட போய் இதை விசாரிக்கிறேன் பாரு."

புகையைப் பார்த்ததாக ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார்கள், நான் எழுதவில்லை, அதனால் எனக்கென்று ஒரு கார்கூட இல்லாத ஏழாம் முனையில் இந்த ஜோகூரிலேயே நன்றாகத் தேறிய வலது கால் ஒன்று இன்னமும் செங்கல்லை மிதித்துக்கொண்டிருக்கிறது.